ஆறு பேருக்கு ஒரு மேசை

காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போன அபிதகுசாம்பாள் படிக்கட்டின் மேல் கதவருகிலேயே நின்றுவிட்டாள். மொட்டை மாடியின் நடுவில் தேவிப்ரியா அளவு நாடாவும் கையுமாகக் குனிந்திருந்தாள். நாடாவின் ஒரு முனையைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு மறு முனையைக் கைப்பிடிச் சுவர் வரை இழுத்தாள். செல்போனில் எதையோ குறித்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது அபிதாவைப் பார்த்து, பிடிபட்டவள் போலச் சிரித்தாள்.

"அளந்துகினு இருந்தேங்க்கா."

"அது தெரியுது."

தேவிப்ரியா அவளுடைய ஓரகத்தி. கணவன் சம்பந்தத்தின் தம்பி தீனாவைக் கட்டியவள். ஒரே வீடுதான். மாமனார் போன பிறகு கீழ்வீடு அண்ணனுக்கு, மாடி வீடு தம்பிக்கு, அதற்கும் மேலே மொட்டை மாடி இருவருக்கும் பொது என்று வீடு சத்தமில்லாமல் பிரிந்தது. சத்தம் வந்தது கடையில். பட்டுக்கடையை இரண்டாகப் பிரித்தபோது பழைய பெயர் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் ஆரணிக் கடைத்தெருவில் நின்று கத்திக்கொண்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அவர்கள் பேசாததால் இவர்களும் பேசவில்லை. தண்ணீர் வந்ததா, மோட்டாரை நிறுத்தியாச்சா என்பது போன்ற பேச்சு மட்டும் படிக்கட்டில் நடக்கும். அந்த நிலையிலேயே பல வருடங்கள் ஓடிவிட்டன.

"டேபிள் ஒண்ணு போடலாம்னு இருக்கேன்," என்றாள் தேவிப்ரியா. "வெளிய போடறதுக்குன்னே வருதில்ல, சாப்புடற டேபிள். சாயந்தரத்துல இங்க காத்து நல்லா வருது."

"கீழ டேபிள் இல்லியா உங்க வீட்ல?"

"இருக்குதுக்கா. இது மேல. ஆறு பேர் உக்காரா மாதிரி."

தீனா, தேவி, மகள் காவ்யா. மாடி வீட்டில் இருப்பது மூன்று பேர். அபிதா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மீதி மூன்று நாற்காலி யாருக்கு? பெரணமல்லூரில் இருக்கும் தேவியின் அண்ணன் குடும்பம் ஆரணிக்கே வந்துவிடப் போவதாக யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள்.

"மடக்கற பிளாஸ்டிக் டேபிளா வாங்கிக்க. வேணும்னா விரி, வேணாம்னா எடுத்து வெச்சுக்க."

"அது இந்த வெய்யில்ல ஒரு வருசம் தாங்காதுக்கா. நொறுங்கிப் போயிடும். நிலைச்சு நிக்கணும். அந்த மாதிரி பாக்கறேன்."

நிலைச்சு நிக்கணும் என்ற சொல் துணி மூட்டையோடு சேர்ந்து அபிதாவுடன் படியிறங்கி வந்தது.

மதியம் சாப்பிட வந்த சம்பந்தத்துக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு டேபிள்னு சொல்லுவா. நாளைக்கு டேபிளுக்கு வெய்யில் படுதுன்னு மேல ஷீட்டு போடுவா. ஷீட்டுல சாரல் அடிக்குதுன்னு மூணு பக்கம் செவுரு வரும். அப்புறம் நான் துணி காய வைக்க அவளத்தான் கேட்டுகினு நிக்கணும்."

"டேபிள் தான? வாங்கினா வாங்கிட்டுப் போறா," என்றான் சம்பந்தம். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த எடத்துல போடறாளாம்?" என்று கேட்டான்.

"நட்ட நடுவுல."

சம்பந்தம் தட்டைப் பார்த்தபடி பிசைந்துகொண்டே இருந்தான். எந்த விஷயத்திலும் இடம் எது என்று கேட்கிற ஆளில்லை அவன். சண்டைக்குப் பயந்துதான் கேட்கிறான் என்று அபிதா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மாடிக்குப் போனபோது தரையில் மஞ்சள் பெயின்ட் தெரிந்தது. நடுவில், பெரிய சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு கூட்டல் குறிகள். காலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. சதுரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நடந்து பார்த்தாள். அங்கே ஓர் அறையே கட்டலாம் போலிருந்தது. சாப்பாட்டு மேசைக்கு எதற்கு இவ்வளவு இடம்?

அவள் சந்தேகப்பட்டே பழகியவள். கடையில் நெசவாளர்கள் கொண்டுவரும் புடவைகளை விரித்துப் பார்த்து எடுப்பது அவள் வேலை. ஜரிகையை நகத்தால் சுரண்டுவாள், முந்தானையை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள், பட்டு நூலை ஒன்று பிரித்துக் கொளுத்தி முகர்வாள். அண்ணி கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று தீனாவே ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அப்படிப்பட்டவளை ஒரு டேபிளைக் காட்டி ஏமாற்றிவிடலாம் என்று இவள் நினைக்கிறாளா?

நேரே இறங்கி மாடி வீட்டின் கதவைத் தட்டினாள். கடைசியாக எப்போது அந்தக் கதவைத் தட்டினோம் என்பதே அவளுக்கு நினைவில்லை.

"நான் சொல்லிட்டுப் போக வந்தேன்," என்றாள். "அது பொது எடம். கனமா எதையும் கொண்டாந்து போடறதுன்னா என்னை ஒரு வார்த்தை கேக்கணும்."

தேவிப்ரியாவுக்குக் கோபம் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "அதான் நானும் நெனச்சேன். நீங்களும் வாங்கக்கா. ரெண்டு பேருமா பாத்து எடுக்கலாம். எனக்கு மரம் எது, இரும்பு எதுன்னே தெரியாது," என்றாள்.

இது அடுத்த வலை என்று அபிதாவுக்குத் தோன்றியது. கூடப் போய்ப் பார்த்துவிட்டால், நீங்கதானே எடுத்தீங்க என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும். போகாவிட்டால் என்ன வாங்குகிறாள், எவ்வளவு பெரியதாக வாங்குகிறாள் என்று தெரியாது. யோசித்தவரை போவதுதான் மேல். புடவை மாற்றிக்கொண்டு வந்து தேவியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தாள். வழி நெடுகத் தேவியின் தோளைத் தொடாமல் கம்பியையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

சேத்துப்பட்டு ரோட்டில் குமரேசனின் கடை இருந்தது. முன்னால் ஃபர்னிச்சர், பின்னால் வெல்டிங் பட்டறை. குமரேசன் முதலில் ஒரு பளபளப்பான மேசையைக் காட்டினார். தேக்கு நிறம், ஓரத்தில் வளைவு. தேவிக்குப் பிடித்துவிட்டது. அபிதா பக்கத்தில் வந்து, மேலே பார்க்காமல் குனிந்து அடியில் பார்த்தாள். விரல் கணுவால் தட்டினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஒட்டுப் போட்ட ஓரத்தில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, "இருக்கட்டும்," என்றாள்.

"மேடம், அது ஷோரூம் பீஸ்ங்க."

"மழை வந்தா அதுக்கு இது ஷோரூம் பீஸ்னு தெரியுமாங்க?"

குமரேசன் சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "இது அட்டை மாதிரி அமுக்கின போர்டுதாங்க. வீட்டுக்குள்ள பத்து வருசம் இருக்கும். வெளிய போட்டீங்கன்னா ஐப்பசியிலயே உப்பிக்கும்."

அடுத்து தேக்கு. நல்ல மரம்தான், வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் பூச வேண்டும் என்றார். யார் பூசுவது என்பதில் இன்னொரு சண்டை வரும் என்று அபிதா அதை விட்டாள். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் அவள் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, ஆடி மாதக் காற்று கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும் என்றாள். பெயின்ட் பூசிய இரும்பு மேசையின் காலைச் சாவியால் கீறியதும் உள்ளே கறுப்பு தெரிந்தது. அங்கிருந்து துரு கிளம்பும் என்று நகர்ந்தாள். லேசான ஒன்றை வாங்க வைக்க வேண்டும் என்று நினைத்து வந்தவள், ஒவ்வொன்றிலும் குறை கண்டுபிடிக்கத் தொடங்கியதும் அந்த நினைப்பையே மறந்து போனாள். நல்லது எது என்று தெரிந்த பிறகு மட்டமானதை எடுக்க அவளுக்குக் கை வராது.

"அப்ப ஒண்ணுதாங்க இருக்குது," என்று குமரேசன் பட்டறைக்குக் கூட்டிப் போனார். துத்தநாகம் பூசிய தடித்த பைப்பில் கால்கள். மேலே ஒரே பலகையாகக் கருப்பு கிரானைட். "வெய்யில், மழை, சூடான பாத்திரம், எதுக்கும் அசையாதுங்க. ஒரே ஒரு விசயம், வெயிட் ஜாஸ்தி. மாடியில கண்ட எடத்துல வைக்கக் கூடாது. பீம் ஓடற எடமாப் பாத்து வைக்கணும். உங்க வீட்ல பீம் எங்க வருது?"

"நடுவுல," என்றாள் தேவி.

"அதான் சதுரம் போட்டு வெச்சிருக்கியே," என்றாள் அபிதா. "மஞ்சக் கலர்ல. இந்த டேபிளப் போல நாலு டேபிள் போடலாம் அதுல. அவ்ளோ எடம் இன்னாத்துக்குன்னு இப்பவாவது சொல்லு."

தேவிப்ரியாவின் முகம் மாறியது. குமரேசன் யாரோ கூப்பிட்டதுபோல் பட்டறைக்குள் போய்விட்டார்.

"அது நான் போடலக்கா."

"நீ போடாம?"

"உங்க வீட்டுக்காரரக் கேளுங்க."

தேவி போய் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். திரும்பி வரும்போது அபிதா பின்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். இவள் தீனாவோடு சேர்ந்து ஏதோ செய்துவிட்டு, மாட்டிக்கொண்டதும் சம்பந்தத்தின் மேல் திருப்புகிறாள். புருஷன் பெண்டாட்டிக்குள் மூட்டிவிடப் பார்க்கிறாள். வீடு வரும் வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனாலும், எந்த இடத்தில் போடுகிறாள் என்று சம்பந்தம் கேட்டதும், பிறகு வெகு நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததும் நடுவே வந்து போயின.

சாயந்தரம் அவன் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே கேட்டாள். "மாடில மஞ்சப் பெயின்ட் யார் அடிச்சது?"

எந்தப் பெயின்ட் என்று கேட்டிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவன் அப்படிக் கேட்கவில்லை. சட்டையை ஆணியில் மாட்டி, அதன் மடிப்பைச் சரி செய்துகொண்டே நின்றான்.

"டவர்க்காரங்க," என்றான்.

"எந்த டவரு?"

"செல்போன் டவர் வைக்க எடம் கேட்டாங்க. மாசா மாசம் வாடக குடுப்பாங்க. கம்பெனில தென்னரசுன்னு ஒரு ஆபீசரு. நேத்து சாயந்தரம் நீ கோயிலுக்குப் போனப்ப வந்து குறி போட்டுட்டு, எடம் நல்லா இருக்குதுன்னாரு. ஞாயித்துக்கிழமை கையெழுத்துக்கு வராரு."

"பொது எடத்துல உன் தம்பி கையெழுத்து இல்லாம எப்படி வைப்ப?"

"அவன்தான் கூட்டிகினு வந்தான்."

அபிதா கட்டிலில் உட்கார்ந்தாள். டவரைப் பற்றிக் கேட்க நிறைய இருந்தது. பழைய கட்டடம் தாங்குமா, மோட்டார் ஓடுகிற மாதிரிச் சத்தம் வருமா, துணி எங்கே காய வைப்பது, வடாம் எங்கே பிழிவது. அவள் வாயில் வந்தது வேறு.

"ரெண்டு பேரும் எப்பத்துலேந்து பேசிகினு இருக்கீங்க?"

"அது ஆச்சு. அப்பா மொத திதிக்குக் கோயில்ல பாத்தோம். அப்பவே பேசிட்டோம்."

"மொத திதி?"

"பஸ் ஸ்டாண்டு கிட்ட டீ குடிப்போம். கடை விசயம் பேசுவோம். அவ்ளோதான்."

"வீட்ல சொல்லல."

"நீதான் அவங்க மூஞ்சியே புடிக்காத மாதிரி இருந்த. இன்னாத்துக்குப் பேஜாருன்னு விட்டுட்டேன்."

"நான் உனக்காக அப்படி இருந்தேன்," என்றாள் அபிதா. குரல் உயரவில்லை. "காவ்யா பொறந்தப்ப ஆஸ்பத்திரில அவ பக்கத்துல நான்தான் இருந்தேன். அந்தப் பொண்ணு மாடிப்படில எறங்கும்போது பெரியம்மான்னு கூப்புட வாயெடுத்துட்டு நிறுத்திக்கும். நானும் காதுல வுழாத மாதிரிப் போவேன். எல்லாம் நீ மனசு நோவக் கூடாதுன்னு. நீ பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிகினு இருந்திருக்க."

சம்பந்தம் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். வெகு நேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஆண்கள் கடைக்குப் போன பிறகு அபிதா மறுபடி மாடி வீட்டுக்குப் போனாள். தேவி காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அபிதா டம்ளரைத் தொடாமல், "உனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள்.

"தெரியும்க்கா. நான் வேணாம்னேன். அண்ணனே சரின்னுட்டாரு, நீ இன்னா நடுவுலன்னாரு இவரு."

"எங்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லியிருந்தா நம்புவீங்களா?"

அபிதா யோசித்தாள். "மாட்டேன். நீதான் கெளப்பி விடறன்னு நெனச்சிருப்பேன்."

"அதான். நான் டேபிள் போட்டா நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். வந்தா பேசலாம்னு பாத்தேன்."

அபிதா அவளை உற்றுப் பார்த்தாள். வெகுளியாக நினைத்துக்கொண்டிருந்த பெண் இவ்வளவு கணக்குப் போடுகிறாளே என்று புது பயம் ஒன்று வந்தது. "அப்ப டேபிள் சும்மாவா?"

"இல்லக்கா. டேபிளும் வேணும்," என்றாள் தேவி. கண் கலங்கியிருந்தது. "மூணு பேரு. ஆளுக்கு ஒரு நேரத்துல, ஆளுக்கு ஒரு போன வெச்சிகினு சாப்புடறோம். ஆறு பேருன்னு சொன்னது உங்க ரெண்டு பேரையும், லீவுல வர உங்க பையனையும் சேத்துத்தான்."

அபிதா காப்பியைக் குடித்தாள். சர்க்கரை கொஞ்சம் அதிகம். அதை அவள் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "குமரேசன் நம்பர் போடு," என்றாள். "அந்தக் கல்லு டேபிள சனிக்கிழமைக்குள்ள கொண்டாந்து எறக்கச் சொல்லு. பாதி நான் தரேன். நாளைக்கு உன்னுதுன்னு நீ சொல்லக் கூடாது பாரு."

சனிக்கிழமை கல் வந்தது. படிக்கட்டின் வளைவில் திரும்பவில்லை. ஆட்கள் கயிறு கட்டிப் பக்கவாட்டுச் சுவர் வழியாக ஏற்றினார்கள். தெருவில் வேடிக்கை பார்க்க ஆள் கூடியது. கீழே நின்ற தேவி, மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மேலே அபிதா பீம் ஓடும் இடத்தைக் கட்டடம் கட்டிய மேஸ்திரியிடமே கேட்டு வைத்திருந்தாள். மஞ்சள் குறிகளுக்கு நடுவில், கோணாமல், மேசை உட்கார்ந்தது. காலுக்கு அடியில் ரப்பர் வைக்கச் சொல்லி, ஆடுகிறதா என்று நான்கு பக்கமும் அமுக்கிப் பார்த்தாள். ஆடவில்லை. கடையிலிருந்து வந்த சம்பந்தத்திடமும் தீனாவிடமும் அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் மொட்டை மாடிக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனும் தம்பியும் தென்னரசுவைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். தென்னரசு கையில் ஒரு ஃபைல் இருந்தது. கதவைத் தாண்டியதும் மூவரும் நின்றார்கள்.

கருப்புக் கல்லின் மேல் இட்லி, வடகறி, சட்னிப் பாத்திரங்கள். காவ்யா ஒரு பக்கம், ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்து வார விடுமுறைக்கு வந்திருந்த அபிதாவின் மகன் ஆகாஷ் ஒரு பக்கம். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேவி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்," என்றாள் அபிதா. "மொதல்ல சாப்புடுங்க."

தென்னரசு கீழே தெரிந்த மஞ்சள் குறியையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். "இத எடுத்துடுவீங்கல்ல?" என்று தீனாவைக் கேட்டார்.

தீனா அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அபிதாவைப் பார்த்தான்.

"எடுக்கறதா இல்லீங்க," என்றாள் அபிதா. "இது பீம் மேல இருக்குது. வேற எங்கயும் வைக்க முடியாது."

"அண்ணி, அது ஒரு..." என்று தீனா தொடங்கினான். பல வருடம் கழித்து அண்ணி என்று கூப்பிட்டுவிட்டதை உணர்ந்ததும் மீதி வரவில்லை.

தென்னரசு ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "வீட்ல எல்லாருக்கும் சம்மதமாங்க? நேராக் கேட்டுர்றேன். பின்னாடி பிரச்சினை வந்தா எங்களுக்குத்தான் கஷ்டம்."

"எனக்கு சம்மதம் இல்லீங்க," என்றாள் அபிதா.

"எனக்கும்," என்றாள் தேவி.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இந்த மாதிரி வீடுகளை நிறையப் பார்த்த ஆளாக இருக்க வேண்டும். கூப்பிட்டதற்கு மரியாதையாக இரண்டு இட்லி சாப்பிட்டார். கல் எங்கே வாங்கியது என்று விசாரித்தார். பிறகு பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தின் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

சம்பந்தமும் தீனாவும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். காவ்யாதான், "பெரியப்பா, உக்காருங்க, ஆறுது," என்றாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தேவி இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு தீனா, "வடகறி அண்ணி வெச்சதா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டான்.

"சாப்புட்டாத் தெரியாதா," என்றாள் அபிதா.

அந்தப் பதிலில் கோபம் இருந்தது. ஆனாலும் இன்னொரு கரண்டி அவன் தட்டில் விழுந்தது. சம்பந்தத்தின் தட்டில் அன்றைக்கு அவளாக எதுவும் போடவில்லை. அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகும் சில நாட்கள் அப்படித்தான் போயிற்று. சாயந்தரம் கடையிலிருந்து நேரே வந்து, யாரோடு டீ குடித்தான், என்ன பேசினான் என்று அவள் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். சொன்னதில் பாதியை அவள் நம்பினாள்.

டவர் கல்யாண மண்டபத்தின் மேல் வந்துவிட்டது. மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். அதன் வாடகையை நினைத்துத் தீனா இன்னும் பெருமூச்சு விடுகிறானாம், தேவி சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை சாயந்தரம் இரண்டு பெண்களும் மேசையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தேவி எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போனவள், திரும்பிக் கையால் ஜாடை காட்டினாள். அபிதாவும் போய் எட்டிப் பார்த்தாள். கீழே தெருவில், தீனாவின் பைக் பக்கத்தில், அண்ணனும் தம்பியும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தீனா செல்போனில் எதையோ காட்ட, சம்பந்தம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்துத் தலையாட்டினான்.

"இன்னாக்கா பேசறாங்க?" என்று கிசுகிசுத்தாள் தேவி.

"கேக்கல," என்றாள் அபிதா. "நீ அந்தப் பக்கம் போய் நில்லு. அங்கேந்து கேக்குதா பாரு."